கடுகு வெடிக்கும் சத்தம்

ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்த ஒரே குற்றத்துக்காக, பாண்டிச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய பூட்டு விற்றுக்கொண்டிருந்த செல்வாம்பாளை தனிஸ்லாஸ் அன்றைக்கு ஏசிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. 1987, பொங்கலுக்கு மறுவாரம். தனிஸ்லாஸுக்கு அப்போது இருபத்து நாலு வயது.

"எழுந்திரும்மா மொதல்ல! அது என்னா உக்கார்ற சாமானா?"

"பின்ன என்னாத்துக்குடா அது? மூணு வருசமா உக்காந்துனு இருக்கேன், ஒண்ணும் ஆவல."

அவள் முனகிக்கொண்டே எழுந்தாள். தனிஸ்லாஸ் சட்டை நுனியால் தூசியைத் துடைத்துப் பார்த்தார். சிப்பியின் உட்புறம் மாதிரி மினுங்கும் வெள்ளை நிறம். பக்கத்தில் ஒரு பித்தளை வில்லை, அதில் பாரிஸ் என்று பிரெஞ்சில் பொறித்திருந்தது. கவிழ்த்தால் அடித்தோல் கிழிந்து, கம்பியெல்லாம் துரு. உள்ளே எட்டிப் பார்த்தார். விளிம்போரமாக யாரோ ஒரு தச்சன் பென்சிலால் கையெழுத்துப் போட்டு 1958 என்று எழுதி வைத்திருந்தான். விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அந்தக் கோலத்திலும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், மனுஷனுக்கு அதற்குப் பிறகு உலகத்தில் வேறு எதுவும் பெரிதாகப் படவில்லை.

பாக்கெட்டில் டீக்குக்கூடக் காசு இல்லை. கையில் கட்டியிருந்த வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தார். செல்வாம்பாள் அதைக் காதில் வைத்துப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "நான் உக்கார்றதுக்கு என்னா பண்றது?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். தனிஸ்லாஸ் சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போய், அடுப்படியிலிருந்த மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து அவளிடம் கொடுத்துவிட்டு டிரம்மை வாங்கிக்கொண்டார். வீட்டில் அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

டிரம்ஸ் செட் என்றால் ஜனங்களுக்குக் கண்ணில் படுவது நடுவில் நிற்கும் பெரிய டிரம்மும் பளபளக்கும் தட்டுகளும்தான். வாசிக்கிறவனுக்கு உயிர், முழங்காலுக்கு நடுவில் உட்காரும் அந்தச் சின்ன டிரம்மில் இருக்கிறது. ஸ்னேர் என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கிய பாண்டிச்சேரி சொல்தாக்கள் 'கேஸ்கிளேர்' என்பார்கள். மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல். கீழ்த்தோலை உரசினாற்போல் இருபது மெல்லிய சுருள்கம்பிகள். மேல்தோலில் அடி விழுந்தால் 'டொம்' என்பதோடு நிற்காமல், கீழே அந்தக் கம்பிகள் சேர்ந்து படபடக்கும். அந்தப் படபடப்புதான் ஸ்னேர். அது இல்லாவிட்டால் வெறும் தகர டப்பா.

புதுக் கம்பியும் புதுத் தோலும் போட்டு முதல்முறை அடித்தபோது தனிஸ்லாஸ் தன் நண்பனிடம் சொன்னது இதுதான்: "மச்சான், எண்ணெய் நல்லா காஞ்சதும் கடுகு போட்டா வெடிக்குமே, அந்த மாரி இருக்குதுடா."

அந்த நண்பன் அரிகிருஷ்ணன். இரண்டு பேருக்கும் அப்பா மில் தொழிலாளி. தனிஸ்லாஸும் பத்தொன்பது வயதிலேயே மில்லுக்குள் போய்விட்டார், நெசவுப் பிரிவு. முன்னூறு தறி ஒரே கூரையின் கீழ் ஓடும் இடம். உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவனிடம் பேச வேண்டுமானாலும் கை ஜாடைதான். மற்றவர்களுக்கு அது இரைச்சல், இவருக்கு அது தாளம். கோயில் பேண்டில் பாதிரியார் சொல்லிக்கொடுத்த கொட்டுப் பாடத்தைவிட தறி சொல்லிக்கொடுத்தது அதிகம் என்பார். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் காதுக்குள் ஒரு மணி நேரம் 'ஙொய்' என்று கேட்கும். அதுவும் நல்ல சுருதி என்று சொல்லிச் சிரிப்பார்.

அரிகிருஷ்ணன் கிடார். மதிவாணன் பேஸ். பாட்டுக்கு ஜூலியன். அவன் சொல்தா வீட்டுப் பிள்ளை, பிரெஞ்சு பாஸ்போர்ட். பிரான்சிலிருந்து லீவுக்கு வருகிற மாமன்மார் கொண்டுவரும் ராக் இசைத்தட்டுகள் அவன் வீட்டு மாடியில்தான் சுழலும், ஊர்ப் பேச்சில் மெத்தை. நாலு பேரும் அங்கே உட்கார்ந்து கேட்டு, கேட்டதை வாசித்து, வாசித்ததை மறந்து சொந்தமாக ஒன்றைப் போடும் அளவுக்கு வந்தார்கள். குழுவுக்குப் பெயர் 'லே வாக்'. அலைகள் என்று அர்த்தம். ஊரில் பாதிப் பேர் அதை 'லேவா' என்று சொல்லி, லேவாதேவி வட்டிக்கடை என்று நினைத்தார்கள்.

பெரிய புகழ் எல்லாம் இல்லை. காலேஜ் விழாக்கள், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி சொல்தாக்கள் வைக்கும் விருந்து, கிறிஸ்மஸ் சமயத்தில் ஒன்றிரண்டு ஹோட்டல். வீராம்பட்டினம் தேர்த்திருவிழா மேடையில் ஒருமுறை ஏறி, இரண்டாவது பாட்டிலேயே "சினிமா பாட்டு பாடுறதா இருந்தா பாடு, இல்லன்னா எறங்கு" என்று இறக்கி விடப்பட்டார்கள். ஆனால் 'உப்புக் காற்று' என்று அவர்களே போட்ட ஒரு பாட்டு உண்டு. அது தொடங்கும்போது கிடார் இல்லை, குரல் இல்லை. தனிஸ்லாஸின் கேஸ்கிளேர் மட்டும் தனியாக எட்டு அடி. அந்த எட்டு அடி விழுந்ததும் கூட்டத்தில் பேச்சு நின்றுவிடும். அவர் வாழ்க்கையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தது என்றால் அந்த எட்டு அடிக்குத்தான்.

அந்தப் பாட்டை 1991இல் ஒரு கேசட்டில் பதிவு செய்தார்கள். ஒரே ஒரு கேசட். அதன்மேல் தனிஸ்லாஸின் மாமியார் ஜெபமாலையைப் பதிவு செய்துவிட்டார். வேறு எதுவாக இருந்தாலும் கத்தியிருப்பார். ஜெபமாலை என்றால் என்ன செய்வது, பாவம் வேறு சேரும்.

ஜூலியன் 1995இல் பிரான்ஸ் போனான். இங்கே பாடகன், அங்கே முப்பது வருஷம் பஸ் டிரைவர். மதிவாணன் கல்யாண கச்சேரிகளுக்குப் போய், கடைசியில் கொரோனாவில் போய்ச் சேர்ந்தான். அரிகிருஷ்ணன் முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்தான். மில்லை இழுத்து மூடிய பிறகு தனிஸ்லாஸ் தவளக்குப்பம் கூட்டுரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஆணி, தாழ்ப்பாள், உப்புத்தாள் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். சனிக்கிழமைகளில் டவுனில் யாராவது டிரம்மர் வராவிட்டால் கூப்பிடுவார்கள். புதுப் பிள்ளைகள் காதில் ரப்பர் அடைப்பான் மாட்டிக்கொண்டு வாசிப்பதைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"காத அடைச்சிக்கினு டிரம்ஸ் வாசிக்கிறது, மூக்கப் பொத்திக்கினு பிரியாணி துன்ற மாரி" என்பார்.

இதற்கு நடுவில் பழைய டிரம்ஸ் பைத்தியம் முற்றிப்போயிருந்தது. கிராக்கி இல்லாத பழைய சாமான் எங்கே கிடக்கிறது என்று மோப்பம் பிடித்துப் போவார். மூடிப்போன ஒரு சர்க்கஸ் கம்பெனியின் பெரிய டிரம் ஒன்று, ஒரு சொல்தா வீட்டுப் பரணில் கிடந்த இரண்டு, ஒரு கோயில் சாமான் அறையில் மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்கு அடியில் ஒன்று. பதினோரு வருஷம் அலைந்து, அதே பாரிஸ் கம்பெனியின் முழு செட்டைச் சேர்த்துவிட்டார். உழவர்கரையில் இருந்த வீட்டில் ஃபேன் போட்ட ஒரே அறை டிரம்ஸுக்கு. அவரும் மனைவி லூர்துசெல்வியும் மகள் ஃபாத்திமாவும் கூடத்தில் படுத்துக்கொண்டார்கள். கடல் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்று வாரம் ஒருமுறை ஒவ்வொரு திருகையும் தையல் மெஷின் எண்ணெய் போட்டுத் துடைப்பார். லூர்துசெல்வி ஜாக்கெட் தைத்துச் சம்பாதிக்கிறவள். எண்ணெய்ப் புட்டியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைக்கப் பழகிக்கொண்டாள். கேஸ்கிளேருக்கு அவள் வைத்த பெயர் கிளேரம்மா. "எம் புருசனுக்கு மொத சம்சாரம்" என்று துணி தைக்க வருகிற பெண்களிடம் அறிமுகம் செய்வாள்.

பழைய டிரம் விஷயத்தில் தனிஸ்லாஸுக்கு ஒரே ஒரு சட்டம். தோல் மாற்றலாம், கம்பி மாற்றலாம், திருகு மாற்றலாம். தோல் உட்காருகிற மர விளிம்பில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. அந்த விளிம்பைச் செதுக்கியவன் எந்தச் சரிவில் செதுக்கினானோ அதுதான் டிரம்மின் குரல். அதை ஒரு நூல் இழைத்தாலும் குரல் போய்விடும், போனால் திரும்பாது. டவுனில் ஒரு பையன் தன் பழைய டிரம்மின் விளிம்பை உப்புத்தாள் போட்டு 'கிளீன்' பண்ணினான் என்று கேள்விப்பட்டு அவனோடு இவர் இரண்டு வருஷம் பேசவில்லை.

2011 டிசம்பரில் தானே புயல் வந்தது. விடியும் நேரத்தில் பக்கத்து வீட்டுத் தென்னை, டிரம்ஸ் அறையின் சிமெண்டு ஷீட் கூரை மேல் சாய்ந்தது. தனிஸ்லாஸ் உள்ளே பாய்ந்து கைக்குக் கிடைத்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பீரோவைத் திறந்து, கிடைத்த துணியில் அதைச் சுற்றினார். கிடைத்த துணி லூர்துசெல்வியின் கல்யாணப் பட்டு. இரண்டு நாள் கழித்து மழை ஓய்ந்து பார்த்தபோது பெரிய டிரம் நசுங்கியிருந்தது. மற்றவை தண்ணீரில் ஊறி, மரம் ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது. பதினோரு வருஷச் சேமிப்பை முனிசிபாலிட்டி டிராக்டர் அள்ளிக்கொண்டு போனது. ஈரத்தில் சாயம் ஓடிப் புடவையும் போயிற்று. கேஸ்கிளேர் மட்டும் பிழைத்தது.

அதற்குப் பிறகு அவர் எதையும் சேர்க்கவில்லை. கேஸ்கிளேரைத் துணிப்பையில் போட்டு பீரோ மேல் வைத்தார். கிறிஸ்மஸ் நள்ளிரவுப் பூசைக்கு வருஷம் ஒருமுறை இறக்குவார். கோயில் நிறையப் பாட்டும் மணியுமாக இருக்கிறபோது கம்பியைத் தனியாகக் காது கொடுத்துக் கேட்க நேரம் ஏது, முடிந்ததும் துடைத்து மேலே ஏற்றிவிடுவார்.

போன அக்டோபரில் ஜூலியனிடமிருந்து போன் வந்தது.

"தனிஸ், அடுத்த மாசம் வரேன்டா. வீட்ட விக்கப் போறேன். விக்கறதுக்கு முன்னால அதே மெத்தைல ஒரு தடவ 'உப்புக் காத்து' வாசிச்சிரலாம். என் மச்சினன் புள்ள ரெக்கார்டிங்லாம் பண்றான். மைக்கு, மெஷின் எல்லாம் எடுத்தாறேன். இந்தத் தடவ ஜெபமாலை வராது."

தனிஸ்லாஸ் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"கேஸ்கிளேர் இருக்குதில்ல?" என்றான் ஜூலியன். "பஸ் ஓட்டும்போதுகூட அந்த எட்டு அடி எங் காதுலயே இருந்துச்சிடா. மத்ததெல்லாம் எப்பிடியோ போவட்டும். அந்தச் சத்தம் ஒண்ண புடிச்சி வெச்சிரணும்."

அறுபது தாண்டிய ஆளுக்கு இதைவிடப் பெரிய அழைப்பு வரப்போவதில்லை. அடுத்த நாளே கடைக்கு லீவு சொல்லிவிட்டு பீரோ மேலிருந்து டிரம்மை இறக்கினார். ஸ்டாண்டில் வைத்து, கம்பியை முடுக்கி, குச்சியை எடுத்து ஓர் அடி அடித்தார்.

டொம்.

அவ்வளவுதான். கம்பி பேசவில்லை. மறுபடி அடித்தார். டொம். கடுகு இல்லை. கவிழ்த்துப் பார்த்தார், கம்பி இருந்தது, தோலோடு ஒட்டித்தான் இருந்தது. சரி, கம்பி செத்துவிட்டது என்று சென்னைக்கு ஆள் அனுப்பிப் புதுக் கம்பி வரவழைத்துப் போட்டார். டொம். தோல் செத்துவிட்டது என்று இரண்டு தோலும் மாற்றினார். டொம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாகவே அந்த வீட்டில் பல சாமான்கள் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது தனிஸ்லாஸின் கட்சி. குக்கர் விசில் அடிப்பதில்லை, கேஸ்கட் போய்விட்டது. மகள் பெங்களூரிலிருந்து அனுப்பிய போன் மணி அடிப்பதில்லை, மட்டமான போன். உழவர்கரையில் கொசு ஒழிந்துவிட்டது என்று அவர் முனிசிபாலிட்டியைப் பாராட்டிக்கூடப் பேசினார். காலெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருந்தது, அது சூடு என்றார். ஆண்கள் பேச்சு நன்றாகக் கேட்டது, பஸ் சத்தம் கேட்டது, இடி கேட்டது. பின்னே காதுக்கு என்ன குறை? "உங்க காது எங்க போச்சி?" என்று லூர்துசெல்வி கேட்பாள்தான். கல்யாணமான மூன்றாம் நாளிலிருந்து தினம் கேட்கிற கேள்வி அது. அது உண்மையாகிப்போனது எந்த நாளில் என்று அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அரிகிருஷ்ணன் கிடாரோடு ஒத்திகைக்கு வந்தான். தனிஸ்லாஸ் எட்டு அடி அடித்தார். அரிகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்பிடியே இருக்குதுடா. மயிர்க்கூச்செறியுது பாரு."

"வெளாடாத. கம்பி பேசல."

"பேசலயா? காதக் கிழிக்கிது, பேசலன்ற?"

"உனுக்குக் கிடார்க் காது. ஜெராக்ஸ் மெசின் பக்கத்துல உக்காந்து அதுவும் போயிருக்கும். டிரம்மருக்குத்தான்டா தெரியும் கம்பி பேசுதா பேசலயான்னு."

அரிகிருஷ்ணன் லூர்துசெல்வியைப் பார்த்தான். தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமலே அவள் சொன்னாள்: "போன கிறிஸ்மஸ்ல அடிச்ச மாரியேதான் இருக்குதுண்ணா. நான் சொன்னா கேக்கப் போறாரா?"

இரண்டு பேரும் சேர்ந்து தன்னைத் தேற்றுகிறார்கள் என்று தனிஸ்லாஸ் முடிவு கட்டினார். ஜூலியன் முப்பது வருஷம் காதில் வைத்துக் காப்பாற்றிய சத்தம். அவன் மைக்கும் மெஷினும் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வரும்போது 'டொம்' என்று ஒரு டப்பாவைத் தட்டிக் காட்டுவதா? யோசித்து யோசித்து அவருக்கு ஒரு வழி தெரிந்தது. தோல் புதுசு, கம்பி புதுசு. மிச்சம் இருப்பது மரம். புயல் ஈரத்தில் உள்ளுக்குள் ஊறி, விளிம்பு கோணிப்போயிருக்க வேண்டும். தோல் சரியாக உட்காரவில்லை, அதனால் கம்பிக்கு அதிர்வு போகவில்லை. எல்லாம் பொருந்தி வந்தது. ஊரில் வேறு எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. இவ்வளவு தெரிந்த ஆளுக்குத்தான் வரும்.

நாலு நாள் அந்த விளிம்பைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தார். ஐந்தாம் நாள் கடையிலிருந்து அரைவட்ட அரம் ஒன்றும் மூன்று விதமான உப்புத்தாளும் எடுத்துவந்தார். டீப்பாய்க் கண்ணாடியைக் கழற்றித் தரையில் போட்டு, அதன்மேல் உப்புத்தாளை ஒட்டி, டிரம்மைக் கவிழ்த்து வைத்து இரண்டு கையாலும் பிடித்து மாவாட்டுகிறாற்போல் சுற்றினார். முதல் சுற்றிலேயே, "மன்னிச்சுக்க" என்று வாய்விட்டே சொன்னார், டிரம்மிடமா, பாரிஸ் தச்சனிடமா என்று தெரியவில்லை.

மறுபடி தோல் கட்டி அடித்தார். டொம். இன்னும் கொஞ்சம். டொம். கம்பி உட்காருகிற பள்ளத்தை அரத்தால் ஆழமாக்கினார். டொம். உட்புறச் சரிவை ராவினார். வெள்ளையாக மரத்தூள் மடியில் விழுந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பார்க்கும்போது, உள்ளே 1958 என்ற எண்ணில் மேல்பாதி இல்லை. கையெழுத்தும் பாதிதான் இருந்தது. மிச்சத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

ஜூலியன் வர நாலு நாள் இருந்தது. காலை பதினோரு மணி இருக்கும். ராவிய விளிம்பில் மெழுகு தேய்த்தால் தோல் வழுக்கிச் சரியாக உட்காரும், அது டிரம்மர்கள் வழக்கமாகச் செய்கிற காரியம்தான். மாதா படத்துக்கு வைக்கிற மெழுகுவர்த்தியைத் தேடி அவர் அடுப்படிக்குப் போனார். லூர்துசெல்வி புடலங்காய்க் கூட்டுக்குத் தாளிக்க வாணலி வைத்திருந்தாள். எண்ணெய் புகைந்தது. கடுகைப் போட்டாள்.

தனிஸ்லாஸ் பெட்டியில் மெழுகுவர்த்தி தேடியபடி, "என்னா கடுகு வாங்குன, வெடிக்கவே மாட்டுது?" என்றார்.

"என்னாது?"

"கடுகு. வெடிக்கலியே."

"சரியாப் போச்சி. மேல தெறிக்கிது, நவுருங்க."

முழங்கையில் சுரீர் என்று ஒன்று பட்டது. தனிஸ்லாஸ் திரும்பி வாணலியைப் பார்த்தார். எண்ணெயில் கடுகு துள்ளிக்கொண்டிருந்தது. விளிம்பு தாண்டி அடுப்பு மேடையில் விழுந்தது. ஒன்று, பத்து, நூறு. ஒரு சத்தம் இல்லை. குனிந்து முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனார். கன்னத்தில் தெறித்தது. அப்போதும் இல்லை. வாணலிக்குள் எல்லாம் நடந்துகொண்டிருந்தது, அவருக்கு மட்டும் யாரோ கதவைச் சாத்தியிருந்தார்கள்.

"என்னங்க? மூஞ்சிய உள்ள வுடுறீங்க, பைத்தியமா?" லூர்துசெல்வி அடுப்பை அணைத்தாள்.

அவர் கையைத் தூக்கி, தன் காதோரம் விரலோடு விரல் உரசிப் பார்த்தார். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். டிரம்மில் தோல் கட்டி, கம்பியை முடுக்கினார். குச்சியை அவள் கையில் கொடுத்தார். கல்யாணமான முப்பத்து மூன்று வருஷத்தில் அந்த டிரம்மை அவள் தொட அவர் விட்டதில்லை.

"அடி."

"நானா?"

"அடி, சொல்றன்."

பயந்துகொண்டே அடித்தாள். அவருக்கு 'டொம்' கேட்டது.

"கம்பி பேசுதா?"

லூர்துசெல்வி டிரம்மைப் பார்த்தாள். தரையில் கிடந்த மரத்தூளைப் பார்த்தாள். "பேசுதுங்க" என்றாள்.

"மாதா மேல ஆணையா சொல்லு."

அவள் குச்சியைக் கீழே வைத்தாள்.

"லூர்து. சொல்லு."

"ஒடஞ்ச சட்டியத் தட்டுனாப்புல இருக்குது."

"எப்பலேந்து?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "போன வாரம் வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சி."

கூட்டு அடுப்பிலேயே ஆறிப்போயிற்று. அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். ரொம்ப நேரம் தனிஸ்லாஸ் அமுக்கவே இல்லை. மெல்லிய சத்தம் எல்லாம் போய்விட்டது, தடித்த சத்தம்தான் இருக்கிறது, காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளியும், போனது திரும்பாது என்றார் டாக்டர். மில்லில் எத்தனை வருஷம் என்று கேட்டார். டிரம்ஸ் எத்தனை வருஷம் என்று கேட்டார். இரண்டையும் கூட்டி எழுதிக்கொண்டார்.

ஜூலியனிடம் சொல்லவில்லை. அரிகிருஷ்ணனிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வேறு ஒரு டிரம்மை இரவல் வாங்கி வைத்திருக்கலாம். லூர்துசெல்வி அதைத்தான் சொன்னாள். ஆனால் முப்பது வருஷமாக ஒருத்தன் காதில் வைத்திருந்ததைத் தன் கையாலேயே அரைத்துத் தள்ளிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அன்றைக்கு ஏதாவது அற்புதம் நடந்துவிடாதா என்றும் ஒரு ஆசை இருந்தது. ஆரோக்கிய மாதாவுக்கு ஒரு பெரிய மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார்.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஜூலியன் தலையெல்லாம் வழுக்கையாகி வந்திருந்தான். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். மெத்தையில் மைக் நட்டு, காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையைத் தூக்கினான். தனிஸ்லாஸ் எட்டு அடி அடித்தார். கை தவறவில்லை. கை எப்போதும் தவறியதில்லை. அரிகிருஷ்ணன் கிடாரில் கையை வைத்தவன் மீட்டாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜூலியன் நிறுத்தினான். "தனிஸ், கம்பிய கொஞ்சம் டைட் பண்றியா?"

பண்ணினார். மறுபடி எட்டு அடி. ஜூலியன் ஹெட்போனைச் சரிசெய்து, மைக்கைக் கொஞ்சம் நகர்த்தினான். மறுபடி எட்டு அடி. தனிஸ்லாஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்பதற்கு அவருக்கு அந்த முகம்தான் இருந்தது.

"சரிடா, போதும், நல்லா இருக்குது. வுடு" என்றான் ஜூலியன். "வாசிக்கலாம் வா."

வாசித்தார்கள். முடிந்ததும் பிரியாணி சாப்பிட்டார்கள். யாரும் டிரம்மைப் பற்றிப் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் பாட்டு வந்தது. கூடவே ஜூலியனின் குரல்: "மச்சான், ஸ்னேர் மட்டும் மைக்குல சரியா வுழல. எம் மச்சினன் புள்ள கம்ப்யூட்டர்ல உன் ஒவ்வொரு அடியையும் எடுத்துட்டு, அதே எடத்துல வேற நல்ல ஸ்னேர் சத்தத்த வெச்சிட்டான். உன் அடிதான்டா எல்லாம். சத்தம் மட்டுந்தான் வேற. யாருக்கும் கண்டுபுடிக்க முடியாது."

தனிஸ்லாஸ் போனைக் காதில் ஒட்டி வைத்து எட்டு அடியையும் கேட்டார். டொம், டொம் என்று எட்டு முறை கேட்டது. உண்மைதான், அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. போனை லூர்துசெல்வியிடம் நீட்டினார். அவள் கேட்டாள். கேட்கும்போதே முகம் மலர்ந்துவிட்டது.

"அதேதாங்க! கடுகு வெடிக்குதுங்க!" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

கேஸ்கிளேரை அவர் மறுபடி பீரோ மேல் ஏற்றவில்லை. ஸ்டாண்டை மடித்து வைத்தார். கம்பியைக் கழற்றிவிட்டார், தோல் மட்டும் இருந்தது. வாசல் கதவுப் பக்கம் சுவரோரமாகக் கொஞ்ச நாள் கிடந்தது. ஒருநாள் காலையில் தவளக்குப்பம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று லூர்துசெல்வி டிபன் டப்பாவோடு ஓடி வந்தபோது, தனிஸ்லாஸ் அதன்மேல் உட்கார்ந்து செருப்பு வாரைப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் பதறிப்போய் டப்பாவைக் கீழே வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாரைப் போட்டு முடித்தார், எழுந்தார், டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது தினமும் அதில் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டுகிறார். டிரம்முக்கு ஒன்றும் ஆகவில்லை.